பந்தல் தூணுக்குக் குழி வெட்டும்போது வரும் சிக்கல்கள்: மலை மண்ணுக்கு ஏற்ற திருத்தங்கள்

வீட்டுக்குப் பின்னால் நாலு தூண் நட்டு, மேலே சட்டம் போட்டு, கொடித்தோடையோ சௌசௌவோ படரவிட்டு, கீழே ரெண்டு கதிரை போட்டு உட்கார ஓர் இடம். பெர்கோலா என்று இப்போது சொல்கிறார்கள், நமக்கு அது கொடிப்பந்தல். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் இருபது வருசமாக மேசன் வேலை செய்கிறேன். வீட்டு அத்திவாரம் என்றால் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்கூட, பந்தல் என்றதும் "ஓர் அடி தோண்டி ஊத்திவிடுங்க பாஸ்" என்பார்கள். நான் திருத்தப் போன பந்தல்களில் பெரும்பாலானவை அந்த ஓர் அடியில் நின்றவைதான்.

முதலில் சரியான அளவைச் சொல்லிவிடுகிறேன், சிக்கலை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கெட்டி மண்ணில், எட்டடி உயரப் பந்தலுக்கு, 15 அங்குலச் சதுரத்தில் இரண்டரை அடி ஆழக் குழி போதும். சரிவான இடத்தில் ஆழத்தைப் பள்ளத்துப் பக்கமிருந்து அளக்க வேண்டும், மேட்டுப் பக்கமிருந்து அளந்தால் கணக்கு ஏமாற்றும். ஒரு குழிக்கு ஏறத்தாழ நாலு கன அடி கொங்கிறீட் போகும். 1:2:4 கலவையில் (சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நாலு) நாலு குழிக்கும் சேர்த்து மூன்று மூட்டை சீமெந்து பிடிக்கும். உறைபனி நிலத்தைத் தூக்கிவிடும் என்று குளிர் நாடுகளில் ஆழம் கூட்டுவார்கள். நுவரெலியாவில் சனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் பனி உறைவது உண்மைதான், ஆனால் அது புல்லோடு சரி. நமக்கு ஆழத்தைத் தீர்மானிப்பது இரண்டே விசயம்: கெட்டி மண் எங்கே தொடங்குகிறது, தண்ணீர் எந்த வழியாகப் போகிறது.

காலம் பார்த்துத் தொடங்குங்கள். ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை. இங்கே சனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை குழி வெட்ட நல்ல காலம். பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைப் பக்கம் கதை வேறு. அங்கே ஒக்டோபருக்குப் பிறகுதான் மழை வலுக்கும், ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மண் காய்ந்திருக்கும்.

அறிகுறி: குழி வெட்டும் இடத்துக்கு மேலே நிலத்தில் வெடிப்பு

இதற்கு மேசனிடம் மருந்து இல்லை, அதனால்தான் முதலில் சொல்கிறேன். மேட்டுப் பக்கம் பிறை வடிவில் நீளமான வெடிப்பு, ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும் மரங்கள், நேற்றுவரை இல்லாத ஊற்று, தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருவது, ஓடிக்கொண்டிருந்த ஊற்று திடீரென்று நிற்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அலவாங்கைக் கீழே வையுங்கள். குழியை மூடி, கிராம சேவகருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினாலே கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விழிப்பாக இருக்கச் சொல்கிறது. அப்படிப்பட்ட நாளில் மண் மேட்டின் அடியில் எந்த வேலையும் வேண்டாம், பந்தல் அடுத்த மாதம் வரை காத்திருக்கும்.

அறிகுறி: குழி வெட்ட வெட்டச் சுவர் சரிகிறது, மண் சுலபமாக வருகிறது

சுலபமாக வந்தால் சந்தோசப்படாதீர்கள். மலையகத்தில் எங்கும் வரும் சிக்கல் இதுதான்.

நம் காணிகள் எப்படி உருவானவை என்று யோசித்துப் பாருங்கள். 7 பேர்ச் கிடைத்தாலும் 20 பேர்ச் கிடைத்தாலும் அது சரிவு. உள்பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் கொட்டி, மட்டமாக்கி வீடு கட்டியிருப்போம். வெட்டுப் பக்கம் பிறந்த மண், பாறை மாதிரி நிற்கும். கொட்டுப் பக்கம் வந்த மண், எத்தனை வருசம் போனாலும் மழைக்கு மழை கொஞ்சம் இறங்கும். பந்தலோ பெரும்பாலும் வெளி விளிம்பில்தான் வரும், காட்சி அங்கேதான் அழகு. உள் தூண் இரண்டும் வெட்டில், வெளித் தூண் இரண்டும் கொட்டில். உள்ளே இருப்பது அசையாது, வெளியே இருப்பது இறங்கும், சட்டம் முறுகும்.

கொட்டகலையில் ஓர் அக்கா வீட்டுப் பந்தல் இப்படித்தான் இரண்டு மழைக் காலத்தில் மூன்று அங்குலம் வெளியே சாய்ந்தது. வேறு ஒருவர் ஊற்றியது. வெளித் தூண் ஓரத்தில் ஒரு சோதனைக் குழி வெட்டினேன். முதல் ஒன்றரை அடி பல நிறம் கலந்த மண்: செங்கல் துண்டு, ஒரு பால்மா பை, மஞ்சளும் சிவப்புமாகக் கட்டிகள். கட்டிகளுக்கு நடுவே விரல் போகும் அளவு பொந்து. அலவாங்கைக் கையால் அழுத்தினாலே இறங்கியது. இரண்டே முக்கால் அடியில் நாலு விரல் தடிப்பில் ஒரு கறுப்புப் படை. அதற்குக் கீழே நிறம் ஒரே சீராக மாறியது, அலவாங்கு ஒரு விரல்கூட இறங்காமல் கையை உதறியது. அந்தக் கறுப்புதான் பழைய தரை, மண் கொட்டுவதற்கு முன் மேலே இருந்த மேல்மண். அதில் தேயிலை வேர்த்துண்டுகள் இன்னும் கிடந்தன. அக்கா ஒன்றை எடுத்து மண்ணைத் துடைத்துப் பார்த்தார். "எங்கம்மா கொழுந்து எடுத்த மலை தம்பி இது" என்றார்.

ஆகவே விதி இது: கறுப்புப் படை வரும்வரை வெட்டி, அதையும் முழுதாக எடுத்து, அதன் கீழுள்ள கெட்டி மண்ணில் இன்னும் ஓர் அடி இறங்குங்கள். கறுப்பின் மேல் கொங்கிறீட் ஊற்றக் கூடாது, அது உக்கிப்போகும் சருகும் வேரும் சேர்ந்த மண்.

நாலடி வெட்டியும் கறுப்பு வரவில்லையென்றால் அதற்கு மேல் ஆளை இறக்காதீர்கள். கொட்டிய மண்ணில் நெஞ்சளவு குழி சரிந்தாலே மூச்சு நின்றுவிடும், மேலே நிற்பவர் தோண்டி எடுக்க நேரம் இருக்காது. நான் செய்வது, வெளித் தூண்களை இரண்டு மூன்றடி உள்ளே இழுத்து வெட்டு மண்ணில் நிறுத்திவிட்டு, மேல் சட்டத்தை மட்டும் வெளியே இரண்டடி நீட்டிவிடுவேன். நிழல் அதே அளவு, காட்சியும் மறையாது. வீட்டுக்காரர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், கட்டி முடிந்ததும் இதுதான் அழகு என்பார்கள். கல்லுக்கட்டின் தலைக்குப் பின்னால் ஓர் அடியில் தூண் வைப்பதையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. அந்தக் கட்டு மண்ணைத் தாங்கக் கட்டியது, பந்தலின் காற்றையும் சேர்த்துத் தள்ளினால் வயிறு தள்ளிவிடும்.

அறிகுறி: காலையில் வந்து பார்த்தால் குழியில் தண்ணீர்

மழைத் தண்ணீரா, ஊற்றுத் தண்ணீரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மாலையில் குழியை முழுதாக இறைத்துவிட்டு, மேலே தகடு போட்டு, சுற்றி வரம்பு கட்டுங்கள். விடிந்து பார்க்கையில் காய்ந்திருந்தால் மழை மட்டும்தான். தண்ணீர் நின்றால் மேட்டுப் பக்கச் சுவரைக் கவனியுங்கள். கண்ணாடி மாதிரி மினுங்கும் ஒரு கோடு தெரியும். தண்ணீர் இறங்கக்கூடிய மேல்மண்ணும் இறங்காத அடிமண்ணும் சேரும் மட்டத்தில்தான் அது வழியும்.

தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வெட்டித் துப்புரவாக்கி வருவது. அதே வேலையைப் பந்தலுக்கும் செய்யுங்கள். குழிகளுக்கு ஆறேழு அடி மேலே, ஒன்றரை அடி ஆழத்தில், மெல்லிய சாய்வோடு ஒரு கான். அது தண்ணீரைப் பக்கவாட்டில் கொண்டுபோய் இருக்கிற கானில் சேர்க்கட்டும், அடுத்த வீட்டுக் கல்லுக்கட்டின் தலையில் விடாதீர்கள். இரண்டு நாளில் குழி காயும். காயவில்லையென்றால் நீங்கள் குழி வெட்டியது பழைய கானின் தடத்திலேயே இருக்கலாம். வீடு கட்டும்போது எத்தனையோ கானை மண் போட்டு மூடிவிட்டார்கள், தண்ணீருக்கு அந்த வழி மறக்காது. குழியை நகர்த்துவதுதான் அங்கே மலிவு.

கொஞ்சமாகக் கசியும் குழியில் ஊற்றலாம். ஒரு மூலையில் சிறு பள்ளம் எடுத்து அதில் தண்ணீரைச் சேர்த்து இறையுங்கள். அடியில் சேறாகிப்போன மண்ணைச் சவளால் வழித்து எடுத்துவிட்டு, நாலு அங்குலத்துக்கு உடைகல் போட்டு இடியுங்கள். கலவையைக் கெட்டியாகக் குழைத்து ஒரே மூச்சில் ஊற்றுங்கள். தேங்கிய தண்ணீருக்குள் தாச்சி தாச்சியாகக் கொட்டினால் சீமெந்து கழுவப்பட்டு, கீழே வெறும் மணலும் சல்லியும்தான் தங்கும். மேலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து.

அறிகுறி: அலவாங்கு டங்கென்று நிற்கிறது

உருண்டைக் கல்லா, தாய்ப்பாறையா? மலையகத்து மண் கீழே உள்ள பாறை உக்கி உண்டானது. உக்காமல் தப்பிய உருண்டைகள் மண்ணுக்குள் ஆங்காங்கே மிதக்கும். கல்லின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு அலவாங்கால் அடியுங்கள். உள்ளங்கையில் அதிர்வு தெரிந்தால், சத்தம் பொத்தென்று இருந்தால், உருண்டை. தாய்ப்பாறை கணீரென்று ஒலிக்கும், கை அசைவை உணராது. உறுதி செய்ய ஒன்றரை அடி தள்ளி இன்னொரு துளை போட்டுப் பாருங்கள்.

சின்ன உருண்டையைத் தோண்டி எடுத்துவிடலாம். பெரிதாக இருந்தால் நாலு தூணையும் சேர்த்து ஓர் அடி நகர்த்துங்கள், ஒரு தூணை மட்டும் நகர்த்தினால் மூலைமட்டம் போய்விடும். கல் பாதி குழிக்குள்ளும் பாதி சுவருக்குள்ளும் இருக்கும்போது அதன் மேல் ஊற்றுவது மிக மோசம். ஒரு பக்கம் கல்லும் மறு பக்கம் மண்ணும் தாங்கினால் அத்திவாரம் கல்லைச் சுற்றித் திரும்பும். கல்லின் மேல் விறகு எரித்துத் தண்ணீர் ஊற்றி வெடிக்க வைப்பதைச் சில பெரியவர்கள் இன்னும் செய்கிறார்கள். சில்லு தெறித்துக் கண் போகும், வேண்டாம். வரிசையாகத் துளையிட்டு ஆப்பு அடித்தால் கல் அமைதியாகப் பிளக்கும்.

தாய்ப்பாறை என்றால் அது கொடுப்பினை. பாறையைக் கழுவி, 12 மில்லிமீற்றர் கம்பி நாலுக்கு எட்டு அங்குலத் துளை போட்டு, துளைக்குள் தூசியை ஊதி எடுத்துவிட்டு, கெட்டிச் சீமெந்துப் பாலில் கம்பியை நட்டு, அதன் மேல் தூண் கட்டையை ஊற்றுங்கள். பாறை சாய்வாக இருந்தால் படி மாதிரி இரண்டு வெட்டு வெட்டிக்கொள்ளுங்கள். வழுவழுப்பான சாய்பாறையில் கொங்கிறீட் நிற்காது, வழுக்கும்.

அறிகுறி: கல் மாதிரி தெரிகிறது, கையில் பிசைந்தால் பொடிகிறது

இது உக்கிய கல். பாறையின் கோடுகளும் வரிகளும் அப்படியே இருக்கும், அபிரகம் மினுங்கும், நகத்தால் கீறினால் கொட்டும். பிக்காசால் வெட்ட வேண்டிய அளவு இறுக்கமாக இருந்தால் தூணுக்கு மிக நல்ல நிலம். ஒரே ஒரு பலவீனம்: திறந்து போட்டு மழை பட்டால் ஒரு ராத்திரியில் அடி இரண்டு அங்குலம் களியாகிவிடும். வெட்டிய அன்றே ஊற்றுங்கள், முடியாவிட்டால் கடைசி ஆறு அங்குலத்தை வெட்டாமல் விட்டு, ஊற்றும் காலையில் வெட்டுங்கள்.

அறிகுறி: மண் சவளில் ஒட்டி வரமாட்டேன் என்கிறது

செம்மண் களி. மன்னார் முருங்கன் பக்கத்துக் களிமண் மாதிரி மழைக்கு வீங்கி வெயிலுக்கு வெடிக்கும் சாதி அல்ல இது, பயம் வேண்டாம். சவள் தேய்த்த சுவர் மெழுகு மாதிரி வழுவழுப்பாக இருக்கும், முள்ளால் கீறிவிட்டால் கொங்கிறீட் பிடிக்கும். அடியில் மிதித்துக் குழப்பிய களியை இடித்து இறுக்கப் பார்க்காதீர்கள். அது இறுகாது, தளும்பும். வழித்து எறிந்துவிடுங்கள்.

அறிகுறி: பள்ளத்துக் காணியில் கறுப்பு மண், கால் புதைகிறது

மரக்கறிக்கு நல்ல மண், தூணுக்குக் கூடாத மண். 10 அல்லது 12 மில்லிமீற்றர் கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். எத்தனை அடியில் நிற்கிறதோ அதுதான் உங்கள் அடி. மூன்றடிக்குள் நின்றால் அதுவரை வெட்டுங்கள். நிற்காவிட்டால் மேலே இரண்டடிச் சதுரத்துக்கு கம்பி கட்டிய தட்டு ஊற்றி, அதில் இலேசான பெட்டி இரும்புப் பந்தல் மட்டும் வையுங்கள், கொஞ்சம் இறங்கும் என்று தெரிந்தே.

அறிகுறி: ஊற்றிய கொங்கிறீட் நகத்துக்குக் கீறுபடுகிறது, அல்லது பக்கத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது

கீறுபட்டால் தண்ணீர் கூடிவிட்டது. 50 கிலோ மூட்டைக்கு 25 லீற்றருக்கு மேல் போகக் கூடாது. நம் ஊரில் மணல் குவியல் எப்போதும் ஈரம், ஆகவே 18 லீற்றரில் தொடங்கிப் பார்த்துக் கூட்டுங்கள். ஓட்டை என்றால் குத்தவில்லை: ஓர் அடிக்கு ஒருமுறை கம்பியால் மூலைமுடுக்கெல்லாம் குத்த வேண்டும். குளிர் காலத்தில் இன்னொன்று சேரும். நுவரெலியா ராத்திரிக் குளிரில் சீமெந்து மெதுவாகத்தான் பிடிக்கும். கொழும்பில் மூன்றாம் நாள் தூண் ஏற்றுவார்கள் என்பதை நம்பாதீர்கள். சாக்கு போட்டு மூடி, ஏழு நாள் ஈரம் காத்து, பத்து நாளைக்குப் பிறகு சுமை ஏற்றுங்கள்.

அறிகுறி: காற்றடித்தால் தூண் அடியில் ஆடுகிறது

கொடி மட்டும் படர்ந்த பந்தலுக்குள் காற்று புகுந்து போய்விடும். பிறகு யாராவது மழைக்கு ஒதுங்க என்று மேலே தகடு போடுவார்கள், அன்றைக்கு அது பாய்மரம் ஆகிறது. மணிக்கு 90 கிலோமீற்றர் காற்று, 100 சதுர அடித் தகட்டை 300 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடும். ஓர் அடி கனக் குழி நாலையும் சேர்த்தாலும் கொங்கிறீட் 270 கிலோதான் வரும். நான் சொன்ன இரண்டரை அடிக் குழியில் ஒன்றே 270 கிலோ. குழியின் அடியைப் பானை மாதிரி மூன்று அங்குலம் அகட்டி வெட்டினால் மேலிருக்கும் மண்ணும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும்.

அறிகுறி: தூணின் அடி துருப்பிடிக்கிறது, மரத்தூண் என்றால் உக்குகிறது

கொங்கிறீட்டின் தலை மண்ணோடு மண்ணாக நின்றால் இதுதான் நடக்கும். மூன்று அங்குலம் மேலே எழுப்பி, நாலு பக்கமும் தண்ணீர் வழிகிற மாதிரி சரித்துப் பூசுங்கள். யூகலிப்டஸ் என்றாலும் மரத்தைக் கொங்கிறீட்டுக்குள் புதைக்காதீர்கள், இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். பிறகு தூணைக் கழற்ற வேண்டி வந்தாலும் அந்தத் தகடு உதவும்.

அறிகுறி: கட்டி முடித்த பந்தல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது

கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தி, இடுக்கில் கல் செருகுவார்கள். அடுத்த மழையில் திரும்பவும் சாயும். அக்கா வீட்டில் செய்த முறையைச் சொல்கிறேன். சாய்ந்த தூணின் இரு பக்கமும் பலகை போட்டு முட்டுக் கொடுத்து, மேல் சட்டத்தை அரை அங்குலம் தூக்கினோம். தூணைக் கழற்றினோம். பழைய கொங்கிறீட்டை வெளியே எடுத்தோம், ஓர் அடிக்கும் குறைவான ஆழம், அடியில் அந்தப் பால்மா பை ஒட்டிக்கொண்டிருந்தது. கறுப்புப் படையைத் தாண்டி நாலடிக்கு இறங்கி, அடியை அகட்டி, போல்டோடு புதிதாக ஊற்றினோம். மற்ற வெளித் தூண் இன்னும் சாயவில்லை, அதையும் அதே நாளில் கழற்றினோம். அதன் கீழும் அதே மண்தானே.

பிறகு தூண் ஒவ்வொன்றிலும் தூக்குக்குண்டு பிடித்து, நூல் நின்ற இடத்தில் கொங்கிறீட்டின் தலையில் ஆணியால் ஒரு கோடு கீறிவைத்தேன். மழை முடிந்த ஒக்டோபரில் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். மகனை விட்டுத் திரும்பவும் குண்டைப் பிடிக்கச் சொன்னேன். "கோட்டு மேலதான் நிக்குது மாமா" என்றான் பையன். சௌசௌக் கொடியை ஏற்றிவிடலாம் என்றேன்.